சும்மா இருந்த இடது கால்

மருந்துக்கடை மாடிக்கு மொத்தம் பத்தொன்பது படி. ஆறு வருடமாக அந்தக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் அவள் ஒருநாளும் அந்தப் படிகளில் ஏறியதில்லை. மேலே இருப்பது துப்பறியும் அலுவலகம். அங்கே ஏறிப் போகிறவர்கள் வீட்டில் ஏதோ சரியில்லை என்று கீழே இருப்பவர்கள் குசுகுசுப்பார்கள். அப்படிக் குசுகுசுத்தவர்களில் அவளும் ஒருத்தி. இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு அதே படிகளில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

கதவைத் தட்டவில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"என் வீட்டுக்காரரைக் காணோம்!"

உள்ளே இரண்டு பேர். மேஜைக்குப் பின்னால் மஞ்சள் நூல்புடவை கட்டிய ஐம்பத்தைந்து வயது அம்மாள். ஊரே அவரை சர்வேயர் என்றுதான் கூப்பிடும். முப்பது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, எது விபத்து, எது கட்டுக்கதை என்று பிரித்துச் சொன்னவர். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் சோடா. சோடாபுட்டிக் கண்ணாடியால் வந்த பெயர். முன்னாள் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். இப்போது சர்வேயருக்கு உதவியாளர், காரோட்டி, சில சமயம் தலைவலி.

"எத்தனை நாளா?" என்றார் சர்வேயர்.

"ரெண்டு மணி நேரமா."

"ரெண்டு மணி நேரமா!" சோடா நிமிர்ந்து உட்கார்ந்தார். "தங்கச்சி, நான் ரெண்டு நாள் காணாமப் போனாத்தான் எங்க வீட்ல 'என்ன, சத்தத்தையே காணோம்'னு திரும்பிப் பாப்பாங்க."

"சோடா." சர்வேயர் ஒரே வார்த்தையில் மூடி போட்டார். "நீ உக்காரும்மா. முதல்லேர்ந்து சொல்லு."

நின்றபடியே சொன்னாள்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நாலு வருடத்துக்கு முன் இரண்டாவது மாடியிலிருந்து விழுந்ததில் இடது முட்டி நிரந்தரமாக நீட்டிக்கொண்டுவிட்டது. கைத்தடி இல்லாமல் நடமாட்டமில்லை. மாமியாருக்கு வாரம் இரண்டு நாள் எண்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஆஸ்பத்திரியில் சிகிச்சை. ஆகவே வீட்டுக்கு ஒரு கார் தேவை. அவ்வளவு தூரம் கட்டுப்படியாக ஓட டீசல் வேண்டும். இடது காலுக்கு வேலை வைக்காத ஆட்டோமேட்டிக் வேண்டும். ஐந்து பேர் உட்கார வேண்டும். விலை கைக்கு எட்ட வேண்டும்.

"இத்தனை பொருத்தம் பாத்தா வண்டிக்குக் கல்யாணமே ஆகாது," என்றார் சோடா, அடக்க முடியாமல்.

"மூணு மாசமாத் தேடுறார். டீசல் கிடைச்சா கியர் வண்டியா இருக்கும். ஆட்டோமேட்டிக் கிடைச்சா பெட்ரோலா இருக்கும். ரெண்டும் சேர்ந்து கிடைச்சா விலை நம்ம கைக்கு எட்டாம இருக்கும். ஒரு நோட்டுப் போட்டு எழுதி வெச்சிருக்கார். நாப்பது வண்டி பாத்தாச்சு. இது துரு, அது எண்ணெய்க் கசிவு, இன்னொண்ணு சீட்டுக்கடியில தண்ணி நின்ன தடம்னு நாப்பதையும் தள்ளிட்டார். நாப்பத்தொண்ணாவது இது. டீசல், ஆட்டோமேட்டிக், அஞ்சு பேர், விலையும் குறைவு. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் போய்ப் பாத்தோம். எனக்குப் பிடிச்சுது. இவர்தான் இன்னொரு தரம் பாக்கணும்னார். நேத்து ராத்திரி..."

அங்கே நிறுத்தினாள். நேற்று இரவு அவரிடம் தான் சொன்னது காதிலேயே நின்றது. 'உங்க சந்தேகத்துக்கு ஒரு அளவே கிடையாதா? நாளைக்கு வண்டி இல்லாம வீட்டுக்கு வராதீங்க!' அவர் காலையில் நோட்டை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். அவள் வாசல்வரைகூட வரவில்லை. அவரிடம் கடைசியாகப் பேசியது அதுதானோ?

"பத்து மணிக்கு அங்க போய்ச் சேந்தார். பதினொண்ணேகாலுக்கு வீட்ல இருக்கணும். அத்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற நாள். அதுக்கு ஒருநாளும் ஒரு நிமிஷம் பிந்தினதில்ல. போன் அணைஞ்சு கிடக்கு. விக்கிறவருக்குப் பண்ணினேன். 'ஒன்றரை மணி நேரம் ஓட்டிப் பாத்தார் சிஸ்டர், பிடிக்கலைன்னார், இப்பத்தான் நடந்து போனார்'னு சொல்றார். நடந்தாம்! எங்க தெருமுனைக்கு நடக்கவே அவருக்கு ரெண்டு இடத்துல நிக்கணும். போலீஸுக்குப் பண்ணினேன். சாயங்காலம் வரைக்கும் பாருங்கன்னுட்டாங்க."

"கடைசியா உங்கிட்டப் பேசினாரா?"

"பேசல. பத்து இருபதுக்கு ஒரு படம் அனுப்பினார். ஒரு வார்த்தை எழுதல. எனக்கு ஒண்ணும் புரியல."

போனை நீட்டினாள். டிரைவர் காலடியில் கிடக்கும் ரப்பர் மிதியடியின் படம். சோடா எட்டிப் பார்த்தார்.

"மிதியடியப் படம் எடுத்து அனுப்பற புருஷன் தங்கமான ஆளா இருக்கணும். வீட்டைக் கூட்டலைன்னு குத்திக் காட்டறாரோ?"

சர்வேயர் சிரிக்கவில்லை. படத்தை இரண்டு விரலால் விரித்தார். "வலது பக்கம் பாரு. குதிகால் பட்டுப் பட்டு ஓட்டையே விழுந்திருக்கு. இடது பக்கம் கடையில வாங்கின மாதிரி புதுசு. அது ஆட்டோமேட்டிக்னால அப்படித்தான் இருக்கும். ஆனா இடது ஓரத்துல இது என்ன?"

புது ரப்பரின் மேல் சின்னச் சின்ன வட்டங்கள். ஒன்றின் மேல் ஒன்றாகப் பத்து இருபது. ஒவ்வொன்றும் ஒரு நாணயத்தின் அகலம்.

அவளுக்குச் சட்டென்று தெரிந்தது. வீட்டுத் தரையில் தினமும் துடைக்கும் வட்டங்கள்.

"கைத்தடி," என்றாள். "கைத்தடியோட ரப்பர் முனை. காரில உக்காந்தா அவரும் தடிய அங்கதான் ஊணி வைப்பார்."

"விக்கிறவர் தடி ஊணி நடக்கிறாரா?"

"இல்ல. நல்ல உசரமா, நேரா நடக்கிறார். நாலு வருஷமா நான் மட்டும்தான் ஓட்டறேன்னு சொன்னார்."

"ஞாயித்துக்கிழமை அவர் ஓட்டினாரா?"

"வாசல்லேர்ந்து தெருவுக்கு எடுத்தார். பின்னால வந்துட்டு முன்னால போகணும்னு மாத்தும்போது வண்டி தூக்கிப் போட்டுது. எங்க எல்லார் தலையும் முன்னால போச்சு. பிரேக் கொஞ்சம் பிடிக்கும் சிஸ்டர்னு சிரிச்சார்."

"நீ எங்க உக்காந்திருந்தே?"

"பின்னால, இவருக்குப் பின்சீட்டுல. ஓட்டினவர் முட்டி தெரிஞ்சுது. இடது முட்டி மேல எழும்பி..." அவள் தன் முட்டியையே பார்த்தாள். "எழும்பி, ஓங்கி மிதிச்சார்."

சோடா மெல்ல எழுந்து நின்றார். அவர் முகத்தில் இப்போது கேலி இல்லை. "மேடம், இருபது வருஷம் 'கிளட்ச்ச மிதி, கிளட்ச்ச மிதி'ன்னு கத்திக் கத்திச் சோறு தின்னவன் நான். கியர் வண்டி ஓட்டினவன் ஆட்டோமேட்டிக்ல ஏறினா முதல் வாரம் பண்ற தப்பு இது. கியர மாத்தணும்னதும் இடது கால் தானாப் போய்க் கிளட்ச்சத் தேடும். அங்க கிளட்ச் ஏது? அகலமான பிரேக்தான் இருக்கு. ஓங்கி விழும். வண்டி நட்டுக்க நிக்கும். நாலு வருஷம் ஓட்டினவனுக்கு அது வரவே வராது. இவன் காலுக்குக் கிளட்ச் செத்த சேதி இன்னும் போய்ச் சேரல."

"ஆக, வண்டி அவனோடது இல்ல," என்றார் சர்வேயர். "வண்டிக்குச் சொந்தக்காரர் உன் வீட்டுக்காரர் மாதிரியே இடது காலுக்கு வழியில்லாதவர், தடி ஊணறவர். உன் வீட்டுக்காரர் மிதியடியப் பாத்ததும் பிடிச்சுட்டார். படம் எடுத்ததை அவனும் பாத்துட்டான்."

அவள் மறுபடி அவர் எண்ணை அழுத்தினாள். அணைந்தே கிடந்தது.

"அந்த வீட்ல வேற யாரும் இருந்தாங்களா?"

"அவரோட அம்மா, மாடியில. நினைவு தப்பிப்போச்சாம், பாவம். தட்டிக்கிட்டே இருப்பாங்க, கண்டுக்காதீங்கன்னார். நாங்க இருந்தப்பகூட மேல தட்டற சத்தம் கேட்டுது. பெத்த தாயை இப்படிப் பாத்துக்கிற பிள்ளையான்னு நான்..." 

சர்வேயர் சட்டென்று கைப்பையை எடுத்தார். அந்த வேகத்தைப் பார்த்ததும், மாடியில் தட்டியது யார் என்ற கேள்வி அவளுக்கு எழுந்தது. ஆனால் கேட்கத் துணிவு வரவில்லை.

சோடாவின் கார் பழைய டிரைவிங் ஸ்கூல் வண்டி. கூரைமேல் சிவப்பு எழுத்துப் பலகை இன்னும் இருந்தது. வழியில் சர்வேயர் நடிப்பைப் பிரித்துக் கொடுத்தார். சர்வேயர் அவளுக்கு அக்கா. சோடா, தெரிந்த மெக்கானிக். புருஷன் கோபித்துக்கொண்டு எங்கோ போய்விட்டார், போனால் போகட்டும், வண்டி தனக்கு வேண்டும், பணம் கையோடு இருக்கிறது என்று அவள் சொல்ல வேண்டும்.

"அவனை அஞ்சு நிமிஷம் வீட்டை விட்டு வெளிய எடுக்கணும். அதுக்கு ஒரே வழி அந்த வண்டிதான். நீ அதுல ஏறணும். முடியுமா?"

"பயமா இருக்கு மேடம்."

"இருக்கட்டும். பயந்துக்கிட்டே ஏறு."

"ஏறினதும் பெல்ட்டப் போட்டுக்க, தங்கச்சி," என்றார் சோடா, கண்ணாடியில் அவளைப் பார்த்து. "எங்கூட எவ்வளவோ பேர் ஓட்டக் கத்துக்கிட்டாங்க. உசிரோட இருக்கிறவங்க எல்லாரும் பெல்ட் போட்டவங்க."

முட்டுச்சந்தில் கடைசி வீடு அது. பக்கத்து வீட்டில் ஆள் குடி இல்லை. பெயிண்ட் அடிப்பவர்கள் ரேடியோவை அலறவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார்கள். சுவரில் ஏணி சாய்ந்திருந்தது. இந்த வீட்டு வாசல் தூணில் பெயர்ப்பலகை இருந்த இடத்தில் நாலு ஆணி ஓட்டைகள் மட்டும். ஞாயிற்றுக்கிழமை அவள் அதைப் பார்க்கவே இல்லை. வண்டியின் பளபளப்பைத்தான் பார்த்தாள்.

அவன் இஸ்திரி கலையாத சட்டையோடு கதவைத் திறந்தான். முகத்தில் கவலை அளந்து வைத்ததுபோல் இருந்தது.

"வாங்க சிஸ்டர். சார் வீட்டுக்கு வந்துட்டாரா?"

"வரல. வரும்போது வரட்டும்." தன் குரல் யாருடையதோ போலக் கேட்டது. "அவருக்கு நாப்பது வண்டி பிடிக்கல, இதுவும் பிடிக்காது. ஓட்டப் போறது அவர்னாலும் கட்டிக்கிட்டு அழப் போறது நான். அக்காவையும் மெக்கானிக்கையும் கூட்டிட்டு வந்திருக்கேன். பிடிச்சா இப்பவே முடிச்சிடலாம்."

அவன் கண்ணில் ஒரு சின்ன மின்னல். "சார் நல்லாத்தான் ஓட்டிப் பாத்தார். ஒன்றரை மணி நேரம். ஊரையே சுத்திட்டார். இன்னொரு தரம் எதுக்கு?"

வண்டி நிழலில் நின்றது. சாம்பல் நிறம். அவள் முன்னால் போய், சும்மா தடவிப் பார்ப்பதுபோல இஞ்சின் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வண்டி பார்க்கப் போகும்போதெல்லாம் அவர் முதலில் செய்வது இது. 'டீசல் வண்டிய ஆறின சூட்லதான் ஸ்டார்ட் பண்ணிக் கேக்கணும். விக்கிறவன் முன்னாடியே சூடு பண்ணி வெச்சிருந்தா நோயை மறைக்கிறான்னு அர்த்தம்.' நாற்பது தரம் கேட்டு அலுத்துப்போன பாடம்.

இரும்பு ஜில்லென்று இருந்தது.

ஒன்றரை மணி நேரம் ஓடிய வண்டி. இறங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை என்கிறான். நெருப்பாய்க் கொதிக்க வேண்டாமா? இன்று இந்த வண்டி நகரவே இல்லை. அவர் ஓட்டவில்லை. ஓட்டாதவர் நடந்தும் போகவில்லை. உள்ளே வந்தவர் வெளியே வரவில்லை.

கையை எடுக்கவில்லை. அழுத்தி வைத்துக்கொண்டாள்.

அப்போது மாடியில் தட்டும் சத்தம் கேட்டது.

தொப். தொப்.

"அம்மா," என்றான் அவன், மேலே பார்த்து. "பாவம். என்னமோ இன்னைக்கு ரொம்ப முரண்டு பண்றாங்க."

தொப். டக். தொப். டக்.

இரண்டு சத்தம், இரண்டு தடி. ஒன்று ரப்பர். இன்னொன்று ரப்பர் தேய்ந்துபோய் உள்ளே இருக்கும் திருகாணி தரையில் படும் சத்தம். ஒரு மாதமாக அந்தச் சத்தத்துக்காக அவள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். 'ஒரு ரப்பர் மூடி வாங்கத் துப்பில்ல, தரையெல்லாம் கீறுது!' இப்போது அது காதில் விழுந்ததும் கண் நிறைந்துவிட்டது. உயிரோடு இருக்கிறார்! ஓடிப்போய்ப் படியேற வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. ஓடினால் அவன் என்ன செய்வான் என்று தெரியாது. மென்று விழுங்கிக்கொண்டு நின்றாள்.

"அம்மாவுக்கு என்ன மாத்திரை குடுக்கறீங்க?" என்று கேட்டாள். மருந்துக்கடைக்காரிக்கு அந்த நேரத்தில் வந்தது அந்தக் கேள்விதான்.

"டாக்டர் எழுதிக் குடுத்தது சிஸ்டர். வாங்க, ஒரே ஒரு ரவுண்டு. சீக்கிரம் முடிச்சுக்கலாம்."

"நான் வரலப்பா," என்றார் சர்வேயர், வாசல்படியில் பொத்தென்று உட்கார்ந்து. "எனக்குக் கார்ல வாந்தி வரும். புது சீட்டைப் பாழாக்கிடுவேன். இங்கயே காத்தாட இருக்கேன்."

அவன் ஒரு கணம் யோசித்தான். வீட்டுக் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டான். பிறகுதான் வண்டியில் ஏறினான். பெல்ட்டைத் தொடவில்லை. சோடா முன்சீட்டில். அவள் பின்சீட்டில். பெல்ட் நாக்கு ஓட்டைக்குள் போக மறுத்தது. மூன்றாவது முயற்சியில்தான் மாட்டியது.

"இஞ்சின் சத்தம் சன்னமா இருக்கே, டீசலாட்டமே தெரியலயே!" என்று சோடா வாய் ஓயாமல் பேசினார். "ஏசி நல்லாக் கூவுது. சீட்டு மாமனார் வீட்டுச் சோபா மாதிரி இருக்கு. இத விக்க உங்களுக்கு எப்படி சார் மனசு வருது?"

"வேலை மாத்தல். என்ன பண்றது."

முட்டுச்சந்து முடிந்தது. வலது திருப்பம். மீண்டும் வலது. இப்போது வண்டி பின்தெருவில் போய்க்கொண்டிருந்தது. இரண்டு காலிமனைகளுக்கு அப்பால் அந்த வீட்டின் முதுகு தெரிந்தது. அவள் தன்னை மீறித் திரும்பினாள். அவள் திரும்புவதைப் பார்த்து அவனும் திரும்பினான்.

மாடி ஜன்னலில் பெயிண்டர்களின் ஏணி. ஏணியில் பாதி உயரத்தில் ஒரு மஞ்சள் புடவை.

கதவுகள் நாலும் ஒரே நேரத்தில் 'சட்' என்று பூட்டிக்கொண்டன.

"யாருடா நீங்க?" என்றான். குரலில் இருந்த சிஸ்டர் எல்லாம் போயிருந்தது. 

வண்டி பாய்ந்தது. டீசல் இஞ்சின் முதலில் ஒரு மூச்சு தயங்கி, பிறகு முதுகை சீட்டோடு அறைந்து தள்ளியது. கடைகள் போயின, பள்ளிக்கூடச் சுவர் போனது. நேர் சாலை. இரண்டு பக்கமும் வீடுகள் குறைந்துகொண்டே வந்தன. அவள் கதவுப் பிடியை இழுத்தாள். அசையவில்லை. கத்தினாள். மூடிய ஜன்னல்களுக்குள்ளேயே சுற்றி வந்து அவள் காதில் விழுந்தது அந்தச் சத்தம். வீட்டில் மாமியார் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். பிள்ளையும் வரமாட்டான், மருமகளும் வரமாட்டாள். எதற்காக இவ்வளவும்? ஒரு காருக்காக. அவளே அவரைத் திட்டித் துரத்தி வாங்கிவரச் சொன்ன காருக்காக.

"சார், சார், பேசித் தீத்துக்கலாம் சார்," என்று சோடா கெஞ்சினார். நடிப்பா நிஜமா என்று தெரியவில்லை. "நான் வெறும் கூலிக்கு வந்தவன் சார். என்னை எங்கயாவது இறக்கி விட்டுடுங்க. கண்ணாடி போட்டவனை அடிக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு..."

"வாயை மூடு!"

"மூடிட்டேன் சார்."

மூடினார். அவர் வாய் மூடியதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. கண்ணாடிக்குள் அவர் கண்கள் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு கை மெதுவாகத் தன் பெல்ட்டை இழுத்துச் சரிபார்த்தது. மறுகை பின்னால் வந்து அவள் முட்டியை ஒரு தரம் தட்டியது.

தூரத்தில் சாலைக்குக் குறுக்கே மேடு போட்டிருந்தது. வெள்ளைக்கோடு அழிந்துபோன பழைய வேகத்தடை. 

சோடா நிமிர்ந்தார். இருபது வருடம் ஆயிரம் மாணவர்களின் ஈரல்குலையை நடுங்க வைத்த குரல் அந்தச் சின்ன உடம்பிலிருந்து வெடித்தது.

"வேகத்தடை! கிளட்ச்ச மிதி! மிதிடா கிளட்ச்ச!"

யோசிக்க நேரமில்லை. யோசித்திருந்தால் அவன் மிதித்திருக்கமாட்டான். என்றைக்கோ ஏதோ ஒரு டிரைவிங் மாஸ்டரிடம் திட்டு வாங்கிக் கற்ற அந்த இடது கால், குரலைக் கேட்டதும் எழும்பி, இல்லாத கிளட்ச்சைத் தேடி ஓங்கி விழுந்தது.

வண்டி நட்டுக்க நின்றது.

பெல்ட் அவள் நெஞ்சை அறுத்துப் பிடித்தது. முன்னால் ஒரு 'மடேர்'. அவன் முகம் ஸ்டியரிங்கில் மோதித் திரும்பியது. சோடா கியரை 'பார்க்'குக்குத் தள்ளி, இஞ்சினை அணைத்து, சாவியை உருவினார். எல்லாம் ஒரே மூச்சில் நடந்தது.

"இறங்கு தங்கச்சி," என்றார். குரல் இப்போதுதான் உண்மையாக நடுங்கியது. "ஒரு மாணவன்கூட என் பேச்சை இவ்வளவு சுத்தமாக் கேட்டதில்ல."

சாலையோரம் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் ஓடி வந்தார்கள். அவன் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விரலிடுக்கில் ரத்தம். ஓடும் நிலையில் இல்லை. பத்து நிமிடத்தில் போலீஸ் வண்டி வந்தது. ஏணி ஏறுமுன்பே சர்வேயர் வண்டி எண்ணையும் சொல்லிப் போன் செய்திருந்தார்.

வீட்டு வாசலில் நாலு போலீஸ்காரர்கள். சர்வேயர் புடவையில் பெயிண்ட் அப்பியிருந்தது. பக்கத்தில் நாற்காலியில் குள்ளமான ஒரு அம்மாள், வயது எழுபதிருக்கும். இடது கால் சூம்பியிருந்தது. மடியில் கைத்தடி. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது.

"பல் டாக்டர்," என்று சர்வேயர் சொன்னார். "வண்டி இவங்களோடது, வீடும் இவங்களோடது. அவன் ரெண்டு மாசம் முன்னாடி கீழ் வீட்டுக்கு வாடகைக்கு வந்தவன். பத்து நாளா இவங்களை மேல பூட்டி வெச்சிருக்கான். அக்கம்பக்கத்துல எல்லார்கிட்டயும் எங்கம்மா, நினைவு தப்பிப்போச்சு, தட்டுவாங்கன்னு சொல்லிட்டான். அதுக்கப்புறம் எவ்வளவு தட்டினா யார் வரப் போறா?"

அவளுக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கீழே நின்று அந்தத் தட்டலைக் கேட்டவள் அவள். பாவம் என்று தலையாட்டியவள். "மன்னிச்சிடுங்க டாக்டர்," என்றாள். "எனக்குக் கேட்டுது."

"உன் வீட்டுக்காரருக்கும் கேட்டிருக்கு," என்றார் டாக்டரம்மா, உடைந்த குரலில். "அவர் திரும்பி வந்தாரே." போலீஸ் வண்டிக்குள் வாயைப் பொத்தியிருந்தவனைப் பார்த்தார். "முன்பல் ரெண்டும் போச்சா? நான் பாக்கமாட்டேன்."

தொப் இல்லை. டக். டக். டக்.

படியில் அவள் கணவர் இறங்கி வந்தார். பின்தலையில் கைக்குட்டை கட்டியிருந்தது. அதில் கொஞ்சம் ரத்தம். மூக்கு நுனிக்கு வந்த கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டார். அவளைப் பார்த்ததும் நின்றார். கையில் அந்த நோட்டு.

"மிதியடிப் படம் கிடைச்சுதா?" என்றார். "உனக்குப் புரியும்னு நெனச்சேன்."

அவர் குற்றவாளிபோலத் தரையைப் பார்த்தார்.

"மேல ரெண்டு மணி நேரம் டாக்டர்கிட்ட எல்லாம் விசாரிச்சுட்டேன். அருமையான வண்டி. எல்லா சர்வீஸும் நேரத்துக்குப் பண்ணியிருக்காங்க. ஒரு குறை சொல்ல முடியாது." ஒரு பெருமூச்சு விட்டார். "ஆனா அவங்க விக்கல. அவங்களுக்கும் அதுதானே கால்." நோட்டைத் திறந்து நாற்பத்தொன்றாவது வரியில் குறுக்கே ஒரு கோடு போட்டார். பேனாவை மூடிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"வண்டி இல்லாம வரலாமா?"

ஊர் பார்க்க, போலீஸ் பார்க்க, அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதுவரை அடக்கி வைத்த பயமெல்லாம் ஓவென்று வெளியே வந்தது. சோடா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"ஏறுங்க எல்லாரும்," என்றார். "ஆஸ்பத்திரிக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போகணுமில்ல? என் வண்டி பெட்ரோல்தான், கியர்தான், கூரையில பலகை வேற. ஆனா இன்னைக்கு அது போதும்."

அவள் கணவர் பின்கதவைத் திறந்து, நீட்டிய காலை முதலில் உள்ளே வைத்து, மெதுவாக உட்கார்ந்தார். கைத்தடியை இடது ஓரத்தில் ஊன்றிக்கொண்டார். அவள் குனிந்து, அதன் தேய்ந்துபோன முனையை ஒரு தரம் கையால் மூடிப் பார்த்தாள்.

"இத மாத்த வேண்டாம்," என்றாள்.